பெயர் மூன்று, ஊர் ஒன்று: மாயூரம் தாலுகா கோரைத் தாள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எங்கள் தாவரவியல் துறையின் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில், சணல் கயிறு கட்டிய ஒரு செய்தித்தாள் கட்டு நெடுநாளாகக் கிடந்தது. ஒரு கோடை விடுமுறையில் அலமாரியைத் துடைத்து, அந்துருண்டை மாற்றும் வேலை என்னிடம் வந்தபோதுதான் அதைப் பிரித்தேன். உள்ளே, நாங்கள் ‘தாள்’ என்று சொல்லும், அழுத்திக் காயவைத்த செடிகள். பெரும்பாலானவை பூச்சி அரித்துப் பொடியாகியிருந்தன. ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. செய்தித்தாள் மடிப்புக்குள் மூன்று தண்டுகள், மேலே விரிந்த செம்பழுப்புப் பூங்கொத்து, அடியில் விரல் நீளத்துக்கு மட்டநிலத்தண்டு, அதாவது மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு. கோரை.

கூடவே சிறிய தட்டச்சுச் சீட்டு. அதிலிருந்த ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சைப்பரஸ் சிற்றினம் (கோரையின் பேரினப் பெயர் மட்டும், எந்தச் சிற்றினம் என்று இல்லை). மாயூரம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா. வாய்க்கால் கரை. நிறைய உண்டு. சேகரித்தவர் கையெழுத்தாக ஒரு கிறுக்கல். எண் இல்லை, நாள் இல்லை. சீட்டின் ஓரத்தில் பென்சிலால் வேறு வேறு கைகள் எழுதிய இரண்டு பெயர்கள். ஒன்று ‘கோரிம்போசஸ்’, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மற்றொன்று ‘டெஜிட்டம்’.

பிறகு துறையின் கணினிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அலமாரியிலிருந்த எல்லாத் தாள்களையும் பட்டியலிட்டபோது இதையும் சேர்த்திருக்கிறார்கள். சைப்பரஸ் கோரிம்போசஸ் என்று பெயர். கேள்விக்குறியைக் காணவில்லை. இடம் தஞ்சாவூர். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வரைபடத்தில் போட்டால் புள்ளி தஞ்சை நகரத்துக்குள்ளேயே விழுந்தது. செடி முளைத்ததோ மாயூரம் பக்கத்து வாய்க்கால் கரையில். தாலுகாவின் கடலோரத்தில் அது நின்றிருந்தால், நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, நகரத்தின் நடுவில் ஒரு காட்டுக்கோரையை நட்டுவிட்டோம் என்று பொருள்.

ஒரே தாளுக்கு மூன்று பெயர், தவறான ஊர், நாளே இல்லாத பதிவு. ஏதோ ஒரு கோரைதானே என்று விட்டுவிடலாம் என்று பக்கத்து அறை நண்பர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அலமாரியில் அந்தத் தாலுகாவிலிருந்து வந்த பாய் நெய்யும் கோரை இது ஒன்றுதான். காவிரிக் கடைமடையில் வாய்க்கால் கரைகள் இன்றைக்கு இருக்கும் நிலையில், அங்கே ஒரு காலத்தில் ‘நிறைய’ இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்திருப்பது சின்ன விஷயமில்லை.

நாளும் ஊரும்

முதலில் ஊர். ‘தஞ்சாவூர் ஜில்லா’ என்ற சொல் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைக் குறிக்காது. பழைய ஜில்லாவின் தென்பகுதி ஒன்று 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது அதனுடன் போனது. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர். 2020-இல் மயிலாடுதுறை. ஆக, பழைய சீட்டில் ‘தஞ்சாவூர்’ என்று மட்டும் இருந்தால் இன்றைக்கு ஐந்து மாவட்டங்களில் தேட வேண்டும். பட்டியல் போட்டவர் ஜில்லாவின் பெயரை ஊரின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார். டெல்டாவைப் பற்றிய பழைய பதிவுகளில் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உப்பங்கழியில் மட்டும் வளரும் செடிகூட வரைபடத்தில் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியொரு வரைபடத்தை வைத்து ஒருவர் செடியின் பரவலை ஆராய்ந்தால், உப்பு நீர் எங்கே, நன்னீர் எங்கே என்பதே குழம்பிவிடும்.

நல்ல காலம், இந்தச் சீட்டில் தாலுகாவும் இருந்தது. மாயூரம் என்ற பெயர் அதிகாரபூர்வமாக மயிலாடுதுறை ஆனது 1982-இல். அரசாணை வந்த மறுநாளே எல்லாரும் புதுப்பெயருக்கு மாறிவிடவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் மாயவரம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் தட்டச்சில், தாலுகா பெயராக ‘மாயூரம்’ என்று வந்தால் 1982-க்கு முன் என்று கொள்வது நியாயம்.

நாளைக் கண்டுபிடிக்கச் செடியைவிட அதைச் சுற்றியிருந்த செய்தித்தாள்தான் உதவியது. தலைப்புப் பகுதியும் தேதியும் கிழிந்து போயிருந்தன. மிச்சமிருந்த பக்கத்தில் ஒரு மருந்து விளம்பரம். விலைக்கு நேரே ‘ந.பை.’ என்று போட்டிருந்தது. நயா பைசா. நம் நாட்டில் தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-இல். ‘நயா’ என்ற அடைமொழியை 1964 ஜூன் 1-இல் எடுத்துவிட்டார்கள். ஆக, அந்தத் தாள் 1957-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. 1964-க்கு வெகு பின்னாலும் இருக்காது. செடி அழுத்துகிறவர்கள் பழைய பேப்பர்க் கட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துவது உண்டு என்பதால், செய்தித்தாளின் வயதே செடியின் வயது என்று எழுதிவிடக் கூடாது. 1957-க்குப் பின், 1982-க்கு முன், பெரும்பாலும் 1960-களின் முற்பகுதி. என் குறிப்பேட்டில் இப்படித்தான் எழுதினேன். ஒற்றை ஆண்டைப் போட்டுவிட்டால் பட்டியல் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாள் ஒட்டும்போது பழைய செய்தித்தாளைக் கசக்கிக் குப்பையில் போடுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். நானும் மாணவனாக இருந்தபோது எத்தனையோ போட்டிருக்கிறேன். நாளில்லாத செடி ஒன்றுக்கு அந்தக் கசங்கிய தாள்தான் ஒரே சாட்சி. எங்கள் துறையில் இப்போது அந்தப் பக்கத்தை மடித்து, தாளின் பின்புறம் ஓர் உறையில் வைத்திருக்கிறோம்.

செடி என்ன சொன்னது

கோரைக் குடும்பத்தைக் கண்டு தாவரவியல் மாணவர்கள் ஒதுங்குவதற்குக் காரணம் அதன் பூ. இதழ் இல்லை, நிறம் இல்லை, மணம் இல்லை. சிறுகதிர், அதில் செதில், செதிலுக்குள் சிறுகொட்டை, அவ்வளவுதான். வயலில் களை எடுக்கும் பெண்கள் வட்டக்கோரை, ஊசிக்கோரை, கிழங்குக் கோரை என்று நின்ற இடத்திலேயே பிரித்துச் சொல்வதை, நாங்கள் லென்ஸ் வைத்துக்கொண்டு அரை நாள் பார்க்கிறோம்.

பழைய தாள்களைத் தொடும்போது கையுறை போட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் தோய்த்து வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது. அது நச்சு. தாளிலிருந்து உதிர்ந்து மடிப்புக்குள் கிடந்த ஒரு சிறுகதிரை மட்டும் எடுத்தேன். செடியில் இருப்பதைக் கிள்ளி எடுக்கக் கூடாது. கொதிநீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு ஊறவைத்ததும் அரை நூற்றாண்டு காய்ந்து கிடந்த செதில்கள் மெல்ல விரிந்தன. இரண்டு வரிசையாக, தட்டையாக அடுக்கிய செதில்கள்: சைப்பரஸ் பேரினம். மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி மூன்று கிளை. சிறுகொட்டை முப்பட்டை.

இது வரை கோரிம்போசஸ், டெஜிட்டம் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் பாய் நெய்ய ஆகிறவை, இரண்டும் நீர்க்கரையில் ஆளுயரத்துக்கு எழும்புகிறவை. நூல்களிலும் நெசவுத் தொழில் பற்றிய கட்டுரைகளிலும் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு மாறி மாறி வருகிறது. பத்தமடைப் பாய் எந்தக் கோரையில் நெய்யப்படுகிறது என்று தேடினாலே இரண்டு பெயரும் கிடைக்கும்.

பிரித்துப் பார்க்க நான் நம்பியது மூன்று அடையாளங்கள். முதலாவது தண்டு. கோரிம்போசஸ் தண்டு அடியில் ஏறக்குறைய உருண்டையாக இருந்து உச்சியில்தான் முனை காட்டும். மற்றது தெளிவான முப்பட்டை. அழுத்திக் காய்ந்த தாளில் எல்லாத் தண்டும் தட்டையாகத்தான் தெரியும் என்பதால், உடைந்து கிடந்த ஒரு துண்டை ஊறவைத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மூன்று முனை. இரண்டாவது, அடியிலிருக்கும் இலை. கோரிம்போசஸில் இலை பெரும்பாலும் உறையோடு நின்றுவிடும், இலைப்பரப்பு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. எங்கள் தாளில் இரண்டு உறைகளின் நுனியில் குட்டையானாலும் உண்மையான இலை இருந்தது. மூன்றாவது, பூங்கொத்துக்குக் கீழே குடைக்கம்பி போல் விரியும் பூவடியிலைகள். கோரிம்போசஸில் அவை பெரும்பாலும் பூங்கொத்தைவிடக் குட்டை. இதில் மிக நீண்ட இலை பூங்கொத்தைத் தாண்டி நின்றது.

இவற்றில் இரண்டாவது அடையாளத்தைப் பார்க்க முடிந்ததற்காக, பெயர் தெரியாத அந்தச் சேகரிப்பாளருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன். கோரையைச் சேகரிப்பவர்களில் பலர் பூங்கொத்தோடு மேல்பாதியை ஒடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சேற்றில் கை விட்டு, கிடைமட்டமாக ஓடும் தண்டோடு அடியை எடுக்க அலுப்பு. இவர் எடுத்திருக்கிறார். நாள் எழுத மறந்தவர், சேற்றில் இறங்க மறக்கவில்லை.

ஆகவே பென்சிலில் ‘டெஜிட்டம்’ என்று எழுதிய இரண்டாவது கைதான் சரி. ஆனால் இன்றைக்கு அந்தப் பெயரையும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தியத் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பரோ அந்தப் பெயரை இட்ட நூல், அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து 1820-இல் வெளியானது. அதற்கு 47 ஆண்டு முன்பே, 1773-இல், அதே செடிக்கு வேறொரு பெயர் அச்சாகிவிட்டது. தாவரப் பெயரிடலில் முதலில் வந்த பெயருக்கே உரிமை. அந்த முந்திய பெயர் சைப்பரஸ் பங்கோரெய்.

தரங்கம்பாடியிலிருந்து கோபன்ஹேகனுக்கு

இந்த இடத்தில்தான் என் ஆய்வு ஒரு தாளின் எல்லையைத் தாண்டியது.

1773-இல் அந்தப் பெயரை இட்டவர் கிறிஸ்டன் ஃப்ரீஸ் ரோட்போல், கோபன்ஹேகனில் இருந்த டேனிஷ் மருத்துவர், தாவரவியலாளர். அவர் காவிரியைப் பார்த்ததில்லை. செடிகளை அனுப்பியவர்களில் முக்கியமானவர் ஜொஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரப் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768-இல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர், 1845-இல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோனிக் வைத்தியம் பார்த்த நேரம் போக, கடலோர மணலிலும் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் செடி சேகரித்தார். கப்பலேறிப் போன அந்தச் செடிகள் கோபன்ஹேகனுக்கும், ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்த தாவரவியலாளர் ரெட்சியஸுக்கும், லின்னேயஸுக்கும் என்று பிரிந்து போயின. கோனிக் 1785-இல் ஆந்திரக் கடற்கரையில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் கைக்குச் சேர்ந்தன.

ரோட்போலின் நூல் புற்களையும் கோரைகளையும் படத்தோடு விவரிப்பது. அதில் பங்கோரெய், கோரிம்போசஸ் இரண்டும் ஒரே படத்தாளில், அடுத்தடுத்த படங்களாக இருக்கின்றன. எங்கள் துறையின் பென்சில் கைகள் குழம்பிய அதே இரட்டையர். ரோட்போல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரையச் செய்ததன் நோக்கம், இவை இரண்டும் வேறு என்று காட்டுவதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது பெயரைக் கவனியுங்கள். ‘பங்கோரெய்’ லத்தீன் இல்லை. கோனிக் ஜெர்மன் பேசியவர். ஜெர்மன் எழுத்துமுறையில் கடைசி ‘ei’ ஒலிப்பது நம் ‘ஐ’ போல. அப்படி வாசித்தால் ‘பங்கோரை’. இதில் ‘கோரை’ நம் காதுக்குத் தப்பாது. முன்னால் இருக்கும் ‘பங்’ என்ன?

பாய்க்கோரை என்று சட்டென்று தோன்றும், பலர் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. பாய் + கோரை சேர்ந்தால் ‘க்’ இரட்டிக்கிறது, பாய்க்கோரை. இரட்டித்த ககரம் வல்லொலியாகத்தான் கேட்கும். ஐரோப்பியர் காதில் அது ‘k’ ஆகத்தான் விழும். ஆனால் பெயரில் இருப்பது ‘ng’. அதாவது ககரத்துக்கு முன்னால் மெல்லினம் இருந்து, ககரம் மெலிந்து ஒலித்திருக்கிறது. பசுமை + கிளி பைங்கிளி ஆவது போல, பசுமை + கோரை பைங்கோரை ஆகும். அப்போது ‘ங்’ இயல்பாக வந்துவிடுகிறது.

‘பை’ எப்படி ‘ப’ ஆனது என்று கேட்கலாம். கோரைக்கு இன்னொரு பழைய பெயர் ‘சாய்’. சங்கப் பாடலில் சிறுமிகள் கோரையால் செய்து விளையாடும் பொம்மைக்குப் பைஞ்சாய்ப் பாவை என்று பெயர். அதே பைஞ்சாய் பஞ்சாய்க் கோரை என்றும் வழங்கியது. பைஞ்சாய் பஞ்சாய் ஆன வழியிலேயே பைங்கோரை பங்கோரை ஆகியிருக்கும் என்பது என் முடிவு. வாய்க்கால் கரையில் நின்ற யாரோ ஒருவர், பாய் முடைகிறவரோ, கோரை அறுக்கிறவரோ சொன்ன சொல், கோனிக்கின் காதில் விழுந்து, சீட்டில் ஏறி, கப்பலில் போய், 250 ஆண்டாக உலகம் முழுக்கத் தாவரவியலில் புழங்குகிறது. சொன்னவர் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை.

எங்கள் துறையின் தாளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இதுதான். தரங்கம்பாடி பழைய மாயூரம் தாலுகாவுக்குள் இருந்த ஊர். கோனிக் நடந்த அதே கடைமடை. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசிய ஒரு மருத்துவர் உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதினார். அதே தாலுகாவில், 20-ஆம் நூற்றாண்டில், தமிழ் பேசும் வீட்டில் பிறந்திருக்கக்கூடிய ஒருவர் தட்டச்சு செய்த சீட்டில் ஒரு தமிழ்ச்சொல்கூட இல்லை. எனக்கு இது வருத்தமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. கோனிக்குக்குப் பின் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி ரோட்லர் செடியும் சேகரித்தார், தமிழ்–ஆங்கில அகராதியும் தொகுத்தார். அந்த அகராதி 1834 முதல் அச்சானது. செடியும் சொல்லும் ஒரே கையில் இருந்த காலம் அது.

வாய்க்கால் கரையில்

தாளைப் பார்த்துப் பெயர் சொல்லியாயிற்று. அந்தக் கோரை இன்னும் அங்கே நிற்கிறதா என்று பார்க்காமல் பதிவை மூட எனக்கு விருப்பமில்லை.

மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த பிறகு, இரண்டு மாணவர்களோடு பொறையார்ப் பக்கம் போனேன். வீரசோழனாறு, மகிமலையாறு, நண்டலாறு என்று ஆறுகள் கடலை நோக்கிக் கிளை கிளையாக மெலியும் பகுதி. சிமெண்ட் தளமும் சுவரும் போட்ட வாய்க்கால்களில் கோரை இல்லை. பொக்லைன் வைத்துத் தூர்வாரிய வாய்க்கால்களில், வாரிப் போட்ட மண் காய்ந்து நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் பிடித்திருந்தன. தூர்வாருவது தவறென்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வராவிட்டால் கோரையும் இல்லை, குறுவையும் இல்லை. ஆனால் மண்கரையின் விளிம்பில் ஒரு சாண் ஆழத்துக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டுதான் இந்தக் கோரையின் உயிர். கரையை ஒரே மூச்சில் சுரண்டினால் அது மொத்தமாகப் போய்விடும்.

மாலையில், இன்னும் மண்கரையாக இருந்த ஒரு கிளை வாய்க்காலில் கண்டோம். இடுப்புயரத்துக்கு மேல், பூங்கொத்து செம்பழுப்பாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் சேற்றில் இறங்கி ஒரு தூரை அடியோடு எடுக்கப் போனபோது, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா சத்தம் போட்டார்.

“ஏன் தம்பி வேரோட புடுங்குறீங்க? அறுத்துக்கிட்டுப் போனா மறுபடி தழைக்குமுல்ல?”

“ஒரே ஒரு தூரு போதும் பெரியம்மா. காலேஜில பாடம் பண்ணி வைக்கணும். அடி இல்லாட்டி எந்தக் கோரைன்னு சொல்ல முடியாது.”

“இதுல என்ன சொல்றதுக்கு இருக்கு? பாய்க்கோரை.”

அவர் சின்ன வயதில் பாய் நெய்தவர். தறி வீட்டில் இல்லை, விற்றாயிற்று. ஒரு தண்டை ஒடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். முனை கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நான் ஊறவைத்து, வெட்டி, லென்ஸில் பார்த்ததை அவர் விரல் பார்த்துவிட்டது.

“இதே கோரைதான் முசிறிப் பக்கம் வயல்ல போடுறாங்களா பெரியம்மா?”

“அது தோட்டக் கோரை. கட்டு கட்டா லாரியில வரும். எல்லாம் ஒரே சீரா இருக்கும். இது வாய்க்காக் கோரை. ஒண்ணு நெட்டையா வரும், ஒண்ணு குட்டையா நிக்கும், பாத்துப் பாத்து அறுக்கணும். நாங்க கல்யாணப் பாய்க்கு இத எடுக்க மாட்டோம். வீட்டுப் பாய்க்கு எடுப்போம்.”

இந்த நாலு வாக்கியம் என் ஆய்வில் ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. ஹெர்பேரியப் பதிவில், அதாவது காயவைத்த செடிகளின் சேகரிப்புப் பதிவில், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி, செடி தானாக வளர்ந்ததா, நட்டதா என்பது. கரூர், முசிறி, தொட்டியம் பக்கங்களில் காவிரிக் கரை நிலங்களில் இதே சிற்றினத்தைப் பயிராக வளர்க்கிறார்கள். தண்டுத் துண்டை நட்டாலே போதும், ஆண்டுக்கணக்கில் அறுக்கலாம். பயிரின் தாளும் காட்டுச்செடியின் தாளும் பட்டியலில் ஒன்றாகக் கலந்துவிட்டால், எந்த வாய்க்காலில் இயல்பாக இருந்தது என்றே சொல்ல முடியாது. காய்ந்த தாளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. ‘வாய்க்காக் கோரை’ என்ற ஒரு சொல்லில் பதில் இருக்கிறது.

அதே சமயம், அவருடைய பெயர் லத்தீன் பெயருக்கு மாற்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் அலமாரியில் வேறோர் ஊரிலிருந்து வந்த கோரிம்போசஸ் தாளின் படத்தைக் காட்டினேன். அதுவும் பாய்க்கோரைதான் என்றார். நெய்கிறவருக்கு அது சரி. அவருடைய சொல் எதற்கு உதவும், எங்கே நிற்கும், யார் நட்டது என்பதைச் சொல்கிறது. ரோட்போலின் சொல் எது எதிலிருந்து வேறு என்பதைச் சொல்கிறது. சீட்டில் இரண்டுக்கும் இடம் வேண்டும்.

என்ன எழுதினோம்

பழைய சீட்டையும் பென்சில் குறிப்புகளையும் தொடவில்லை. தவறான பெயரானாலும் அழிக்கக் கூடாது என்பது இந்தத் துறையின் நல்ல வழக்கம். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பதும் பதிவுதான். செடியை இப்போதுதான் கெட்டித் தாளில் ஒட்டினோம். பழைய சீட்டுக்கு மேலே புதிதாக ஓர் அடையாளச் சீட்டு: சைப்பரஸ் பங்கோரெய், ரோட்போல். இணைப்பெயர் சைப்பரஸ் டெஜிட்டம். பார்த்த அடையாளங்கள் மூன்றும் ஒரு வரியில். கீழே என் பெயர், நாள்.

கணினிப் பதிவில் இடத்தின் சொற்களை லேபிளில் உள்ளபடியே ஒரு கட்டத்தில் போட்டோம். அடுத்த கட்டத்தில் இன்றைய மாவட்டம். புள்ளியைத் தஞ்சை நகரத்திலிருந்து எடுத்துப் பழைய தாலுகாவின் நடுவில் வைத்து, ஐயப்பாட்டு ஆரம் 20 கிலோமீட்டர் என்று குறித்தோம். ஒரு மாணவி, “இவ்வளவு பெரிய வட்டம் போட்டா என்ன சார் பிரயோஜனம்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சின்னப் புள்ளியாக வைத்தால் பார்க்கிறவர் நம்பிவிடுவார், அந்த நம்பிக்கைக்கு இந்தச் சீட்டில் ஆதாரம் இல்லை. வட்டம் பெரிதாக இருந்தால், வாய்க்கால் அளவில் ஆராய்கிறவர் இந்தப் பதிவை ஒதுக்கிவிடுவார், தாலுகா அளவில் ஆராய்கிறவர் எடுத்துக்கொள்வார். இருவருக்கும் நாம் பொய் சொல்லவில்லை.

சேகரித்த நாள் கட்டத்தில் 1957–1982. குறிப்பில், செய்தித்தாளின் நயா பைசா விளம்பரம்.

அன்று மாலை எடுத்த தூரை நான்காகப் பிரித்து அழுத்தினோம். ஒன்று எங்களுக்கு. மற்றவற்றைக் கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியம், திருச்சி புனித வளனார் கல்லூரியில் அருள்தந்தை கே. எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றுக்கு அனுப்ப எடுத்து வைத்திருக்கிறோம். ஓர் அலமாரியில் மழைத்தண்ணீர் இறங்கினாலும் மற்ற மூன்று ஊரில் செடி இருக்கும். கோனிக் ஒரே செடியைப் பல ஊருக்கு அனுப்பியதால்தான் அவர் சேகரித்தவை இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன.

புதிய லேபிளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்தோம். வாய்க்காலின் பெயர், எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது, மண்கரை, நன்னீர், மேட்டூர் நீர் வந்த பின், சுற்றிலும் நெய்வேலிக் காட்டாமணக்கு, அடித்தண்டு சாண் ஆழத்தில். ‘நிறைய உண்டு’ என்று பழைய சீட்டில் இருந்த சொல்லை எங்களால் திரும்ப எழுத முடியவில்லை. ‘ஒரே இடத்தில், சுமார் பத்தடி நீளத்துக்கு’ என்று எழுதினோம்.

உள்ளூர்ப் பெயர் என்ற கட்டத்தில் மாணவி ‘பாய்க்கோரை’ என்று அடித்து, என்னைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் ‘வாய்க்காக் கோரை’ என்றும் சேர்க்கச் சொன்னேன். ‘வாய்க்கால்’ என்று திருத்தட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அந்தப் பெரியம்மா சொன்னபடியே இருக்கட்டும் என்றேன்.